நனைந்ததா, ஈரமா, ஓதமா, ஊறலா?

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் கல்லாற்றைப் பார்க்காதவர்கள் குறைவு. நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் மலை ஏறத் தொடங்குமுன் வண்டியை நிறுத்திக் கால் நனைக்கும் இடம் அது. வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதியில், உருண்டு திரண்ட கற்களுக்கு இடையே ஓடி வருகிறது ஆறு. பெயரே அதன் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1100 மீட்டர் உயரத்தில் பொன்முடி.

இடவப்பாதி மழைக்காலத்தில் அந்த வழியாகப் போனால் தண்ணீர் எத்தனை வேடம் போடுகிறது என்று பார்க்கலாம். குடை பிடித்தாலும் சட்டை நனைகிறது. மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் சாலையோரப் பாறை கசிகிறது. வண்டியின் கண்ணாடி உள்பக்கம் வியர்க்கிறது. வீட்டிலிருந்து எடுத்துப் போன முறுக்கு, பொட்டலம் பிரித்துச் சிறிது நேரத்தில் நமத்துப்போகிறது. வெட்டி விட்ட மண்சரிவு ஊறிப்போய் நிற்கிறது. மேலே போகப் போகப் பனி மூடுகிறது.

இத்தனைக்கும் நம் பிள்ளைகளிடம் இருக்கும் சொல் ஒன்றே ஒன்றுதான்: "வெட்". பெரியவர்களாகிய நாமும் சளைத்தவர்கள் அல்லர். பேசும்போது எல்லாம் "ஈரம்", எழுதும்போது எல்லாம் "ஈரப்பதம்" என்று முடித்துவிடுகிறோம்.

நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். பொறியியல் டிப்ளமாவோடு ரயில்வேயில் சேர்ந்து, குடியிருப்புக் கட்டடங்களிலும் இருப்புப்பாதையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தொழிலுக்கு முதல் எதிரி தண்ணீர். அந்த எதிரியோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் ஒன்று சொல்லுவேன்: மேலே சொன்ன சொற்களெல்லாம் ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்று செய்திகளை ஒவ்வொரு சொல்லும் தன்னுள் வைத்திருக்கிறது. சொல்லைச் சரியாகப் பிடித்தால் வைத்தியம் பாதி முடிந்தது. தவறாகப் பிடித்தால் பணம் போகும். சில வேளைகளில் உயிரும் போகும்.

நனைவும் ஈரமும்

முதலில் அடிப்படையான இரண்டு சொற்கள். நனைதல் என்பது வெளியிலிருந்து தண்ணீர் வந்து படுவது. மழையில் நனைகிறோம், கண்ணீரில் தலையணை நனைகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்ற பழமொழியிலும் ஆட்டின் மேல் மழை பெய்கிறது. நனைதல் ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு.

ஈரம் என்பது அந்த நிகழ்ச்சி முடிந்த பிறகும் பொருளுக்குள் தங்கியிருக்கும் நிலை. சட்டை நனைந்தது காலை எட்டு மணிக்கு, மாலை நான்கு மணிக்கும் அதில் ஈரம் இருக்கிறது. நனைந்ததைத் துடைக்கலாம். ஈரத்தைத் துடைக்க முடியாது, காயத்தான் வைக்க வேண்டும். குளித்துவிட்டு வரும் குழந்தைக்குப் பாட்டி முதலில் தலை துவட்டுகிறாள், பிறகு ஈரம் போகத் தலையைக் காய வைக்கிறாள். இரண்டும் இரண்டு வேலை. துவட்டியதோடு நிறுத்திவிட்டால் சளி பிடிக்கும் என்று அவள் கவலைப்படுவது தலையில் தங்கிய ஈரத்தை எண்ணித்தான்.

உள்ளே தங்கியிருப்பது என்ற பொருள் இருப்பதால்தான் அன்புக்கும் இரக்கத்துக்கும் ஈரம் என்ற சொல் பொருத்தமாக அமைந்தது. திருக்குறளில் இனியவை கூறல் அதிகாரத்திலேயே ஈரம் அன்பு என்னும் பொருளில் வருகிறது. இன்றும் "நெஞ்சில் ஈரமில்லாதவன்" என்கிறோம். "நெஞ்சில் நனைவில்லாதவன்" என்று யாரும் சொல்வதில்லை.

பதம் என்றால் அளவு

ஈரப்பதம் என்பது ஈரத்தின் இன்னொரு பெயர் அன்று. ஈரம் எவ்வளவு என்பதற்கான சொல் அது. பதம் என்பதை நம் சமையலறையிலேயே கேட்கலாம். பாகு பதம், மாவு பதம், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் வலி தெரியும். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல் அந்த அளவுக்குக் காயாது. விவசாயிகள் சாலையிலும் களத்திலும் நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டு நாள் கணக்கில் காத்திருப்பார்கள். மழை மிகுந்த சில பருவங்களில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியதும் உண்டு. ஈரம் மிகுந்த நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். ஆகவே விதிக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கையில் அள்ளிப் பார்த்தால் 17-க்கும் 20-க்கும் வேறுபாடு எளிதில் தெரியாது. நெல் நனைந்திருக்கிறதா என்பதற்குக் கண் போதும். ஈரப்பதம் எவ்வளவு என்பதற்குக் கருவி வேண்டும்.

இன்னொரு நுட்பம். நெல்லில் 17 விழுக்காடு என்றால் 100 கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர். மரத்திலும் மண்ணிலும் எங்கள் கணக்கு வேறு. ஈரத்தோடு எடை போட்டு, அடுப்பில் 105 டிகிரிச் சூட்டில் முற்றிலும் காய வைத்து, மறுபடி எடை போடுவோம். போன தண்ணீரைக் காய்ந்த எடையோடு ஒப்பிடுவோம். ஆகவே அப்போதே வெட்டிய பச்சை மரத்தில் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. தண்ணீர், மரத்தின் எடையைவிட அதிகம் என்று அதற்குப் பொருள்.

எடை போட்டு ஈரத்தை அறியும் இந்த வழி நமக்குப் புதிதன்று. உழவு அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காய விட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார். கால் பலம் என்பதை எங்கள் கணக்கில் போட்டால் 300 விழுக்காடு வரும். சாதாரண வயல் மண்ணில் அவ்வளவு தண்ணீர் இராது. எண்ணைவிட வழியைப் பாருங்கள். காய்ந்ததைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மீட்டர்கேஜ் பாதைகளில் மர ஸ்லீப்பர் கட்டைகளைப் பார்க்கலாம். மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கும். நரம்புக் குழல்களின் வெற்றிடத்தில் நிற்பது ஒன்று, நாரின் சுவருக்குள்ளேயே ஏறியிருப்பது மற்றொன்று. முதல் வகை போகும்வரை மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. ஈரப்பதம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் நார் காயத் தொடங்கி மரம் சுருங்கும், வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் இதற்கு மறுதலை. உங்கள் வீட்டு வாசற்கதவு ஜூன் மாதத்தில் இறுகிக்கொண்டு, மார்ச் மாதத்தில் தானே தளர்ந்துவிடுகிறதா? கதவு நனையவில்லை. காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிப் பருத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் தச்சரை அழைத்து இழைத்துவிட்டால் மார்ச் மாதத்தில் இடைவெளி விழும். சற்றுப் பொறுத்திருந்து, கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வார்னிஷ் பூசுவது நல்லது. பெரும்பாலும் பூசாமல் விட்டுவிடும் இடங்கள் அவை.

காற்றுக்கும் ஒரு கணக்கு

செய்தியில் "காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு" என்று சொல்லும்போது காற்றில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சூட்டில் காற்றில் அதிக அளவு எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எண்பது பங்கு இருக்கிறது என்று பொருள். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். காற்று குளிரக் குளிர அதன் பாத்திரம் சிறிதாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பொன்முடிப் பயணத்தை மறுபடி பாருங்கள். கீழே 30 டிகிரியில் 80 விழுக்காடு என்றால் கனமீட்டருக்கு 24 கிராம். அந்தக் காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து 20 டிகிரிக்கு வரும்போது 17 கிராமுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியது நுண்துளிகளாகப் பிரிகிறது. வழியில் நம்மை மூடுகின்ற பனி அதுதான். கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தண்ணீர் மேலே தெரிகிறது, அவ்வளவே.

காற்றிலிருந்து ஈரம் வாங்கி மொறுமொறுப்பை இழப்பதற்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது. நமத்துப்போதல், சில ஊர்களில் நமுத்துப்போதல். அப்பளமும் முறுக்கும் தீக்குச்சியும் நமக்கும். தண்ணீரில் விழுந்த அப்பளத்தை நனைந்த அப்பளம் என்போமே தவிர நமத்த அப்பளம் என்று சொல்லமாட்டோம். தண்ணீர் படாமலே கெட்டது என்ற முழுச் செய்தியும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

உப்பு ஜாடியைக் கவனித்திருக்கிறீர்களா? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் பொலபொலவென்று உதிரும். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் உப்பு எப்போதும் நீர்விட்டுக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். வானிலைக் கருவி வாங்க வேண்டாம், உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் போதும்.

உடம்புக்கும் இதே கணக்குதான். வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வெக்கையில் வியர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும், நாக்கு வறளும். புழுக்கத்தில் வியர்வை காய இடமில்லாமல் உடம்பிலேயே கசகசவென்று நிற்கும். நெல்லை ஆவியில் வேகவைப்பதைப் புழுக்குதல் என்கிறோம், புழுங்கல் அரிசி என்கிறோம். நாமும் அப்படித்தான் வேகிறோம். மதுரையிலிருந்து வந்த உறவினர், "அங்கே 38 டிகிரி, இங்கே 32தான், ஆனால் இங்கே தாங்க முடியவில்லையே" என்று வியப்பார். வயதானவர்களும் வெயிலில் வேலை செய்பவர்களும் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புழுக்க நாளில் நிழலும் தண்ணீரும் மட்டும் போதாது, வியர்வை காயக் காற்றோட்டமும் வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

நிற்க. கேரளத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளம் நம் உடன்பிறந்த மொழி, ஆனால் உடன்பிறந்தவர்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு வேறு வேலைக்குப் போவது போலச் சில சொற்கள் நடந்துகொள்கின்றன. மலையாளத்தில் நனவு என்றால் ஈரம். தமிழில் நனவு என்றால் விழிப்பு, கனவுக்கு எதிர். அங்கே ஈர்ப்பம் என்றால் ஈரப்பதம். இங்கே ஈர்ப்பு என்றால் கவர்ந்து இழுத்தல். அங்கே வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். இங்கே வெள்ளம் வந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் வேடிக்கை, பனி. புதிதாகக் குடிவந்த நம் ஊர் அம்மையார் ஒருவர் பக்கத்து வீட்டாரிடம், "காலையில் ஒரே பனி" என்றாராம். அவர்கள் பதறிப்போய், "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்களாம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாம் பனி என்பதை அவர்கள் மஞ்ஞு என்கிறார்கள். அது நமக்கு அயல் சொல் அன்று. நம் பழைய இலக்கியத்தில் மேகத்துக்கு மஞ்சு என்ற பெயர் உண்டு. பிள்ளைகள் இரண்டு மொழிகளையும் கலந்து பேசுவது குற்றமில்லை. எந்தச் சொல் எந்த வீட்டில் என்ன பொருள் தருகிறது என்று தெரிந்திருந்தால் இரண்டு மொழியும் வளமாகும்.

சுவரில் தெரியும் நான்கு நோய்கள்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வரும் புகார்களில் "சுவரில் ஈரம்" என்று ஒரே வரி இருக்கும். வெள்ளையடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த மழைக்கு அதே புகார் திரும்பி வரும். காரணம், சுவர் ஈரத்தில் நான்கு நோய்கள் இருக்கின்றன. நான்குக்கும் தமிழில் பெயர் உண்டு.

முதலாவது ஓதம். தரையிலிருந்து மேல்நோக்கி ஏறுவது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மண்ணிலுள்ள தண்ணீர் ஏறும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். அந்த உயரத்தில் அலை வந்துபோன கோடு போல ஒரு கறை தெரியும், உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். இதையே உப்பரித்தல் என்பார்கள். ஓதம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கடல், அலை என்ற பொருள்களும் உண்டு என்பதை நினைத்தால் அந்தக் கோடு இன்னும் பொருத்தமாகத் தெரியும். கட்டும்போதே அடித்தளத்துக்கு மேல் தண்ணீர் ஏறாத ஒரு அடுக்குப் போடுவோம். டி.பி.சி. என்று மேஸ்திரிகள் சொல்வது அதைத்தான். அது இல்லாத பழைய வீட்டில் சுவரை ஒட்டி மண் குவியாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓதச் சுவரில் தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால், வெளியேற வழியின்றி ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும்.

இரண்டாவது ஒழுக்கு. மேலிருந்து கீழே வருவது. ஓடு உடைந்தாலோ மாடித் தளம் விரிசல் விட்டாலோ மழை பெய்யும்போது ஒழுகும், மழை நின்றால் சிறிது நேரத்தில் நிற்கும். மழையோடு வந்து மழையோடு போவது இதன் அடையாளம்.

மூன்றாவது கசிவு. பக்கவாட்டிலிருந்தோ குழாயிலிருந்தோ மெல்லமெல்ல ஊடுருவி வருவது. மழைக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. குளியலறைக்கு மறுபக்கச் சுவரில், வெயில் காலத்திலும் ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது வியர்ப்பு. இதில் தண்ணீர் சுவரிலிருந்து வரவே இல்லை, அறைக் காற்றிலிருந்து வருகிறது. குளிர்ந்த சுவரில் ஈரக் காற்று பட்டு நுண்துளிகள் படிகின்றன. அலமாரியின் பின்பக்கம், காற்றோட்டமில்லாத மூலை, ஏ.சி. அறையின் அடுத்த பக்கம் ஆகிய இடங்களில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கும்.

கசிவுக்கும் வியர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி இருக்கிறது. ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒரு எவர்சில்வர் சொம்பில் பனிக்கட்டி போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் இரண்டின் வெளிப்புறமும் ஈரமாகும். தொட்டுப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் பானையின் ஈரம் உள்ளிருந்து வந்தது, சொம்பின் ஈரம் வெளியே இருந்த காற்றிலிருந்து வந்தது.

சுவரிலும் இதே சோதனையைச் செய்யலாம். ஈரமான இடத்தைத் துணியால் துடைத்து உலர்த்தி, ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடாவால் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரம் படிந்திருந்தால் அது வியர்ப்பு. ஜன்னலைத் திறந்து, அலமாரியை நகர்த்தி, அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாளுக்கும் சுவருக்கும் இடையே ஈரம் இருந்தால் அது சுவரிலிருந்து வருகிறது, மற்ற மூன்றில் எது என்று தேட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் வியர்ப்பை ஓதம் என்று எண்ணிச் சுவரை இரண்டு முறை உடைத்துப் பூசினார்கள். கடைசியில் குணமானது அந்த அறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று வைத்த பிறகுதான். அந்த அறையில் படுத்த குழந்தைக்கு அதுவரை வந்துகொண்டிருந்த இருமலை நினைத்தால், இதை வெறும் சொல் ஆராய்ச்சி என்று ஒதுக்க மனம் வரவில்லை.

ஊறிய மண்

கடைசியாக, எல்லாவற்றிலும் ஆபத்தான சொல். ஊறுதல். ஊறவைத்த அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்து, இனி இடமில்லை என்ற நிலைக்கு வந்து, பொருளின் உறுதி குலைவது ஊறுதல். மண்ணில் சிறிது ஈரம் இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கடற்கரையில் ஈர மணலில்தான் பிள்ளைகள் வீடு கட்ட முடிகிறது. அதே மணல் முழுவதும் ஊறினால் வீடு கரைந்து உட்கார்ந்துவிடும். துகள்களுக்கு இடையிலுள்ள இடம் முழுவதும் தண்ணீர் நிறைந்து, அந்தத் தண்ணீரின் அழுத்தம் துகள்களை ஒன்றை விட்டு ஒன்றைத் தள்ளுவதால் பிடிப்புப் போய்விடுகிறது. ஆகவே ஈரம் மண்ணுக்கு நண்பன், ஊறல் பகைவன்.

இருப்புப்பாதையில் இதைத் தினமும் பார்க்கலாம். ஜல்லிக்கு அடியிலுள்ள களிமண் ஊறிவிட்டால், வண்டி ஓடும்போது ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்துக்கும் சேறு மேலே பீச்சி ஜல்லியை அடைத்துவிடும். மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் பயனில்லை. பக்கத்து வடிகாலைச் சரிசெய்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 1904-இல் முதல் ரயில் ஓடிற்று, அகலப்பாதையாக மாறி முழுமையாகத் திறந்தது 2018-இல். இரண்டு காலத்துப் பொறியாளர்களுக்கும் அங்கே ரயிலைவிடப் பெரிய கவலை மலைநீருக்கு வழி விடுவதுதான்.

மலைப்பாதைகளிலும், மேடும் பள்ளமுமான திருவனந்தபுரத்து வீட்டு மனைகளிலும் மண்ணைத் தாங்கக் கட்டும் சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் அவற்றிலிருந்து கலங்கல் நீர் கசியும். முற்றம் அழுக்காகிறதென்று சிலர் அந்தத் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சுவருக்குப் பின்னால் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மூன்று டன் அழுத்தம் விழும். மண்ணின் பாரம் அதற்கு மேல். அந்தத் துளை கசிவதுதான் சுவருக்கு உயிர். கசிவு எல்லா இடத்திலும் நோய் அன்று, இங்கே அதுவே மருந்து. மழை பெய்தும் துளையில் தண்ணீர் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கல்லாற்று மலைகள் இருக்கும் இதே மாவட்டத்தில், அம்பூரியில், 2001 நவம்பர் 9 அன்று துலாமழையில் ஊறிய மலைச்சரிவு இறங்கிச் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்த பெருந்துயரில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டுக்கும் முன்னால் பெருமழை பெய்தது. முதல் நாள் மழையில் மண் நனைகிறது, அடுத்த நாள் ஈரம் இறங்குகிறது, விடாமல் பெய்தால் ஊறிவிடுகிறது. கடைசியாகப் பெய்த மழை சிறியதாக இருந்தாலும் ஊறிய மண்ணுக்கு அது போதும். ஆகவே "இப்போது மழை குறைந்துவிட்டதே" என்று மலையடிவாரத்தில் தங்கிவிடக் கூடாது. இதுவரை இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்புதல், தரையில் விரிசல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஓடை திடீரென்று கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவை மண் ஊறிவிட்டதற்கான அறிகுறிகள். கண்டவுடன் இடத்தை விட்டு அகல வேண்டும்.

கல்லாறு போன்ற மலையாறுகளில் குளிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் நிறம் மாறினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். பாறையிலும் வேறுபாடு பாருங்கள். மழையில் நனைந்த பாறை வெயில் பட்டால் காய்ந்துவிடும். எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் பாறையில் பாசி இருக்கும், கால் வைத்தால் வழுக்கும்.

வீட்டில் சொல்லிக் கொடுக்க

பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளச் சுருக்கமாகத் தருகிறேன்.

நனைவு – வெளியிலிருந்து தண்ணீர் படுவது.
ஈரம் – பொருளுக்குள் தங்கியிருப்பது.
ஈரப்பதம் – அந்த ஈரத்தின் அளவு.
நமத்தல் – காற்றின் ஈரத்தால் மொறுமொறுப்புப் போவது.
புழுக்கம் – வியர்வை காயாத சூடு.
பனி – காற்றின் நீராவி குளிர்ந்து துளியாவது.
ஓதம் – தரையிலிருந்து மேலே ஏறுவது.
ஒழுக்கு – மேலிருந்து கீழே வழிவது.
கசிவு – துளைகள் வழியே மெல்ல ஊடுருவி வருவது.
வியர்ப்பு – குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிவது.
ஊறல் – இனி இடமில்லை என்னும் அளவுக்குத் தண்ணீர் நிறைவது.

இவற்றை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கின்றன. "சட்டை நனைந்ததா, ஈரமா?" "கண்ணாடி எந்தப் பக்கம் வியர்க்கிறது?" என்று அவ்வப்போது கேட்டால் போதும், பிள்ளைகள் தாமே பார்த்துச் சொல்லப் பழகுவார்கள்.

இந்தப் பட்டியல் முழுமையானதன்று. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கொங்கிலும் தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் இதற்கு மேல் சொற்கள் இருக்கும். சகதிக்கும் சேற்றுக்கும், தூறலுக்கும் சாரலுக்கும், உலர்தலுக்கும் காய்தலுக்கும் உங்கள் ஊரில் என்ன வேறுபாடு சொல்வார்கள்? வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, எந்த ஊர் வழக்கு என்ற குறிப்போடு ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து வேறொரு இதழில் வெளியிடலாம்.